தலைமாட்டில் இரும்பு

காட்டூர், திருச்சி
அக்டோபர் 26

அன்புத் தம்பி ஜூட்டுக்கு,

அக்னஸ் அக்கா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை, கேட்காமல் விடவும் முடியவில்லை. மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? சரி, உபசாரம் இத்தோடு முடிந்தது.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், பதிலுக்கு நான் கத்துகிறேன். மாடியில் குடியிருக்கிற காளியாயிக்கு நம் குடும்பக் கதை மனப்பாடமாகிவிட்டது. அதனால்தான் கடிதம். இதை நீ கிழித்துப் போடலாம், ஆனால் குறுக்கே பேச முடியாது. உன்னோடு வேலை பார்க்கிற பிரவீன்ராஜ் லீவு முடிந்து நாளை கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்மஸுக்கு வருகிறேன், ஃபெமினாவும் ஆஷ்லியும் அதற்குள் திருவெறும்பூர் வீட்டுக்குப் போய்க் கழுவித் துடைத்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அக்கா வீட்டுக் கதவை உடைத்து இழுத்துக்கொண்டு போவேன் என்று ஃபெமினாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாய். கதவு தேக்கு, ஜூட். உன் தோள்தான் உடையும்.

மஸ்கட் கேம்பில் எல்லோரிடமும் நீ சொல்வது என்னவென்று பிரவீன்ராஜ் சொன்னான். ஏதோ கோபத்தில் ஒரு அறை விட்டேன், அதற்குப் போய் என் பெண்டாட்டி அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டாள் என்கிறாயாம். ஒரு அறையா? நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், படி.

ஈஸ்டர் முடிந்த வாரம். உங்கள் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்து, ஆபீசில் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஃபெமினா கிடந்தாள். ஒரு பக்கத் தோள் மட்டும் கீழே தொங்கியது. பீரோ விளிம்பில் முடியோடு ரத்தம் ஒட்டியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஆஷ்லி மூலையில் நின்றாள். கெண்டைக்காலில், முதுகில், கவுனுக்கு வெளியே தெரிந்த இடமெல்லாம் பெல்ட் விழுந்த தடம். சில இடத்தில் தோல் கிழிந்திருந்தது. அவள் அழவில்லை. நீ பெல்ட்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவனைத் தூங்க விடவில்லை, பிள்ளை சொம்பைக் கீழே போட்டு எழுப்பிவிட்டாள் என்று எனக்கு நியாயம் சொன்னாய்.

உன் நெற்றியில் இருக்கிற தழும்பு அன்று நான் பூரிக்கட்டையால் போட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும், உன் மாமா தைரியராஜ் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஃபெமினா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். காறை எலும்பு முறிந்தவள் கட்டுப் போடும்போது உன்னைக் காப்பாற்றினாள், தெரிந்துகொள். நீ ஜூனில் விமானம் ஏறிப் போய்விட்டாய். அடிபட்ட அன்றிலிருந்து அவர்கள் இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஷ்லி தூங்குவதில்லை. வீம்புக்கு விழித்திருக்கிறாள் என்று நினைக்காதே. சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண் செருகினால் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்கிறாள். தொடை முழுக்கக் கன்றிப்போய்க் கிடக்கிறது. தன்னை மீறித் தூங்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அலறிக்கொண்டு எழுகிறாள். ஒரு நாள் அணைக்கப் போன என் முழங்கையைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கி, ரத்தம் படுக்கையில் சொட்டியது. நான் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். காலையில் அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை, அத்தைக்குக் கையில் என்ன கட்டு என்று கேட்டாள்.

பள்ளியில் பெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிறாள். போன மாதம் பின்னாலிருந்து தோளைத் தொட்ட ஒரு பிள்ளையின் முகத்தில் ஸ்டீல் வாட்டர் பாட்டிலால் அடித்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்குப் புருவத்தில் தையல். தாய் தகப்பனைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள், நானும் ஃபெமினாவும் போய்த் தலைகுனிந்து நின்றோம்.

டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் கோளாறில்லை, வீட்டில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது என்று சொல்லி ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார். போனிலேயே நடக்கிற வகுப்பு. தூங்காத, பயப்படுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும். பிள்ளை வர வேண்டியதே இல்லையாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிள்ளைக்கு வியாதி, மருந்து எங்களுக்கா? முதல் வகுப்பிலேயே இதைக் கேட்டேன். நடத்துகிற பெண் பெயர் வைஷ்ணவி, ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டிலிருந்தே நடத்துகிறாள். சின்ன வயதுதான், கோபமே வரவில்லை. குழந்தையைச் சுத்தி இருக்கிறவா மாறினாத்தான் குழந்தைக்குத் தூக்கம் வரும் மேடம் என்றாள். மூக்குடைந்து உட்கார்ந்தேன்.

புதன்கிழமை சாயந்தரம் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து நானும் ஃபெமினாவும் உட்காருவோம். உன் மாமா பேப்பர் படிப்பது போலக் கதவோரம் நின்று கேட்பார். தினமும் ஒரே வேளையில் படுக்கப் போடுவது, அதற்கு முன்பே டிவியை அணைப்பது, அலறி எழுந்தால் கேள்வி கேட்காமல் தாழ்ந்த குரலில் பேசுவது, எல்லாம் செய்தோம். பிறகு ஒரு வாரம், உங்கள் வீட்டில் படுக்கும் முன் அமைதியாகச் செய்கிற வழக்கம் ஏதாவது இருந்தால் அதையே பிள்ளையோடு தினமும் செய்யுங்கள், அது முடிந்தால் தூக்கம் என்று உடம்பு பழகிக்கொள்ளும் என்றாள் வைஷ்ணவி. இது அக்டோபர், ஜெபமாலை மாதம், நம் வீட்டில் வேறு என்ன இருக்கும்? ஜெபமாலை சொல்லுவோம் என்றேன். ரொம்ப நல்ல வழக்கம், அதையே பண்ணுங்கோ என்றாள். அவர்கள் வீட்டில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படுப்பார்களாம்.

அன்றே மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எனக்கும் ஆஷ்லிக்கும் தலையில் முக்காடு போட்டேன். வா கண்ணு, முழங்கால் போடு என்று ஆசையாகத்தான் கூப்பிட்டேன்.

ஜூட், அவள் முழங்கால் போட்டாள். மாதாவைப் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலையில் போட்ட முக்காட்டைத் தானே உருவி, பந்தாகச் சுருட்டி, வாய்க்குள் திணித்தாள். இரண்டு கையையும் தூக்கிச் சுவரில் வைத்தாள். அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். தொண்டை அடைத்துக் கண் பிதுங்குகிறது, துணியை எடுக்க விடமாட்டேன் என்கிறாள். நானும் ஃபெமினாவும் தாடையைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்தோம்.

பிறகுதான் ஃபெமினா வாயைத் திறந்தாள். முழங்கால் போடு என்பது உன் வார்த்தையாம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று துணியை வைத்துக்கொள்ளச் சொல்வதும் நீதானாம். பிள்ளை தானாகவே செய்கிற அளவுக்குப் பழக்கியிருக்கிறாய். ஜெபத்துக்கும் அடிக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிற வீடு நம் வீடுதான் என்று வைஷ்ணவிக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவும் நம்மை அப்படித்தானே கூப்பிட்டார். நீ என் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாயே, அந்தப் பிள்ளைதானே நீ?

உன்னைத் திட்டித் தீர்க்க இதை எழுதவில்லை. அந்த வகுப்புக்கு நீ வா. தகப்பனும் சேரலாம், மஸ்கட்டிலிருந்தே சேரலாம். மற்ற பெற்றோர் இல்லாமல் நம்மை மட்டும் வைத்துத் தனியாகப் பேசுகிறேன் என்று வைஷ்ணவி சொல்லியிருக்கிறாள். இங்கே ஏழு மணி என்றால் உனக்கு ஐந்தரை. எப்படி உள்ளே வருவது என்று பிரவீன்ராஜுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அதை முடிக்காமல் நீ ஆஷ்லி முன்னால் வந்து நிற்கக் கூடாது. இது நான் உன்னிடம் கேட்கிற பிச்சை என்று வைத்துக்கொள், உத்தரவு என்று வைத்துக்கொண்டாலும் சரி.

மாதா உன் மனதை இளக்கட்டும்.

உன் அக்கா,
அக்னஸ்


காட்டூர்
நவம்பர் 23

தம்பி ஜூட்டுக்கு,

இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்துப் பிரவீன்ராஜ் போனுக்கு அனுப்புகிறேன். உன் போன்தான் உடைந்து கிடக்கிறதே.

நீ வகுப்புக்கு வந்தாய், அதற்கு முதலில் சந்தோஷம் சொல்லிவிடுகிறேன். கேம்ப் அறையில் மற்றவர்கள் படுத்திருக்க, இரும்புக் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து காதில் வயரை மாட்டிக்கொண்டு நீ பேசியதைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறாய். ஃபெமினா உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று போனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், உனக்குத் தெரிந்திருக்காது.

எங்கப்பா அடிச்சு வளர்த்துத்தான் நான் ஆளாகியிருக்கேன் என்றாய். வைஷ்ணவி உன்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அந்த வயதில் நீங்கள் எப்படித் தூங்குவீர்கள் என்றுதான் கேட்டாள். அவ்வளவுதானே கேட்டாள்?  உன் கண் கலங்கியது, நான் பார்த்தேன். கடவுளே, சொல்லிவிடேன் என்று மனதுக்குள் மன்றாடினேன். அடுத்த நொடி படம் தலைகீழாகச் சுழன்றது. மின்விசிறி தெரிந்தது, கட்டில் கால் தெரிந்தது, படீரென்று ஒரு சத்தம், பிறகு இருட்டு. பக்கத்துக் கட்டில்காரனின் மூக்கையும் அன்று உடைத்தாய் என்று பிரவீன்ராஜ் சொன்னான். அவன் என்ன பாவம் செய்தான்? சத்தம் போடாதே, தூங்க விடு என்றானாம்.

அடுத்த நாள் யாருடைய போனிலிருந்தோ ஃபெமினாவுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன்.  ஊர் பேர் தெரியாதவள் முன்னால் என்னை அழ வைக்கப் பார்த்தீர்கள், வருகிறேன், முதல் வேலையாக ஃபெமினாவை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போவேன் என்று சொல்லியிருக்கிறாய். அதில் நீ பேசிய கெட்ட வார்த்தைகளை எழுத என் கை வரவில்லை. அதை அழிக்க வேண்டாம் என்று ஃபெமினாவிடம் சொல்லி, என் போனிலும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று நீயே யோசி. அடுப்படியில் சத்தம் குறைத்து வைத்துத்தான் கேட்டோம். பிள்ளை ஹாலில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழவில்லை.

ஆபீசிலிருந்து போன் போட்டு வைஷ்ணவியிடம் சொன்னேன். வீட்டில் அடி விழும் என்ற பயம் இருக்கிற வரைக்கும் எந்தத் தூக்க வழக்கமும் நிற்காது, முதலில் போலீசில் ஒரு மனு கொடுத்து வையுங்கள் என்று ரொம்பத் தெளிவாகச் சொன்னாள். குழந்தைகளுக்கு உதவுகிற 1098 நம்பரையும் கொடுத்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளை மேல் நானே எப்படிப் புகார் கொடுப்பது என்றேன். நான் சொன்ன வீட்டுப் பிள்ளை ஆஷ்லி இல்லை, நீ. அது என் புத்திக்கு உறைக்கவே வீடு வந்து சேரும் நேரம் ஆயிற்று. இன்னும் கொடுக்கவில்லை. உனக்காகத்தான் பொறுத்திருக்கிறேன்.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. ஆஷ்லி தூங்க ஆரம்பித்துவிட்டாள்! முக்காடு, முழங்கால் எல்லாம் விட்டுவிட்டோம். இப்போது படுக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறோம், அவ்வளவுதான். சாயந்தரம் காபி நேரத்தில் அவளுக்குப் பயமாக இருப்பதையெல்லாம் கேட்டுக்கொள்கிறோம், இருட்டிய பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இதுவும் வகுப்பில் சொன்னதுதான். இந்த வாரம் அலறவே இல்லை. குப்புறப் படுத்து, கையைத் தலையணைக்கு அடியில் விட்டுக்கொண்டு, அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறாள். வகுப்பில் சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள். ஷாஜியா என்று பாலக்கரையிலிருந்து ஒரு அம்மா வருவார், அவர் மகனும் தூங்காத பிள்ளைதான், இனிப்புக் கொடுங்கள் என்று கேட்டார்.

மேலே இருக்கிற காளியாயி மட்டும் இதெல்லாம் தன்னால்தான் என்கிறாள். கெட்ட கனவுக்குத் தலைமாட்டில் இரும்பு வையுங்க, எங்க ஊர்ல எல்லாம் அதான் வைப்போம் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வேதக்காரர்கள், அதெல்லாம் நம்புவதில்லை என்று நான் விறைப்பாகச் சொல்லியிருந்தேன். போன ஞாயிறு தலையணை உறை மாற்றும்போது பார்த்தால் அடியில் காய் நறுக்கும் கத்தி இருக்கிறது. ஃபெமினா எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். சிரிப்புத்தான் வந்தது. பெற்றவள் மனசு, போகட்டும் என்று அவளிடம் ஒன்றும் கேட்காமல் பழையபடி வைத்துவிட்டேன். இரும்போ, மாதாவோ, வைஷ்ணவியோ, பிள்ளை தூங்கினால் சரி.

நீ மறுபடியும் வகுப்புக்கு வா, ஜூட். போனை எறிந்ததற்கு யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆனால் உன் வாயால் வர வேண்டும்.

கோபத்தை ஆண்டவர் காலடியில் வைத்துவிட்டுப் படு.

அக்கா


காட்டூர்
டிசம்பர் 18

ஜூட்,

இருபத்து மூன்றாம் தேதி விமானம் என்று பிரவீன்ராஜ் சொல்லிவிட்டான். வகுப்புக்கு நீ திரும்ப வரவில்லை. என் கடிதத்துக்குப் பதிலாக, வருகிறேன் பார் என்று ஒரு வரி அனுப்பினாய். நானும் பார்க்கத்தான் போகிறேன். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கால் மணி நேரம் ஒதுக்கி, யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படி.

போன வாரம் நானும் ஃபெமினாவும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் அரிவாள்மனையில் நறுக்குகிறாள், அதுவும் எலும்பு கூடிய பிறகும் வலிக்கிற கையால். கேலியாகத்தான் கேட்டேன், ஏம்மா, கத்தியை எடுத்துக்கிட்டு அங்க ஒரு சாவிக்கொத்தை வெச்சா காளியாயி சாமி கோவிச்சுக்குமா, எங்க வீட்டுக்காரர் பழம் நறுக்கக் கத்தியில்லாம அலையறாரே என்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதை நீங்கதானே அண்ணி வெச்சீங்க என்றாள்.

 இரண்டு பேரும் எழுந்து ஆஷ்லி படுக்கைக்கு ஓடினோம். கத்தி தலையணைக்கு அடியில் அப்படியே இருந்தது. தலையணையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கக் குத்துக் குத்தாக ஓட்டை. பஞ்சு பிதுங்கிக்கொண்டு நின்றது. ஹாலில் பஞ்சு கிடப்பதைப் பார்த்து எலி வந்துவிட்டது என்று உன் மாமா பொறி வாங்கி வைத்திருந்தார். எலியில்லை, ஜூட். உன் மகள் பழகிப் பார்த்திருக்கிறாள்.

நாங்கள் கத்தவில்லை, வகுப்பில் கற்றது அந்த மட்டும் உதவியது. பள்ளியிலிருந்து வந்ததும் பாலைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மறைக்கவே இல்லை. அப்பா வந்து அம்மாவை வெட்டுவேன்னு போன்ல சொன்னாங்கல்ல அத்தை, நான் கேட்டேன், அதான் நான் முந்திக்கணும் என்றாள். வீட்டுப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அப்பா உயரம், கழுத்து எட்டாது, குனிஞ்சு அம்மாவைப் பிடிக்கறப்ப வயித்துல குத்தணும் என்றாள். பால் ஆடையை ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். ஃபெமினா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வகுப்பில் பெருமை பேசி, கை தட்டல் வாங்கி, ஷாஜியாவுக்கு லட்டு வேறு கொடுத்தனுப்பினேன். பிள்ளை தூங்குகிறாள், தூங்குகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னேன். கையைத் தலையணைக்கு அடியில் விட்டுக்கொண்டு அவள் தூங்கியது எதைப் பிடித்துக்கொண்டு என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கத்தியைப் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை. ஏகாதசிக்குத் தெருவெல்லாம் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள், போலீசும் கூட்டமுமாக இருந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருடியைப் போல நடந்து, வடக்கு உத்தர வீதியில் விசாரித்து வைஷ்ணவி வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளுடைய அம்மா யாரென்று கேட்காமலே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நான் கத்தியை எடுத்து மேசை மேல் வைத்தேன். அந்த அம்மா பெருமாளே என்று பின்னால் நகர்ந்துவிட்டார்.

நான் சொன்னதையெல்லாம் வைஷ்ணவி கேட்டாள். அவளும் ஏமாந்துதானே போனாள், அந்த வருத்தம் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னாள். இத்தனை நாளும் அந்த வீட்டில் காவல் வேலையைக் குழந்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள், கையில் ஆயுதம் வந்ததும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். கத்தியைச் சும்மா பிடுங்கினால் மறுபடி விழித்துக்கொள்வாள். பெரியவர்கள் யாராவது அந்த வேலையை அவளிடமிருந்து அவள் பார்க்க வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னால் போதாது, நெஜமாவே பண்ணணும் மேடம் என்றாள்.

அன்று சாயந்தரம் ஆஷ்லியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். கண்ணு, அம்மாவைப் பாத்துக்கற வேலையை அத்தைக்குக் குடுத்துடறியா, அது பெரியவங்க வேலை என்றேன். யோசித்தாள். என் கையை எடுத்துப் பார்த்தாள், தான் கடித்த இடத்தைத் தடவினாள். அப்பாவை அடிக்க உங்களுக்குத் தெம்பு இருக்கா என்று கேட்டாள். ஏற்கெனவே அடித்திருக்கிறேன் என்றேன். அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. கடைசியாக ஒன்று கேட்டாள். நீங்க தூங்கிட மாட்டீங்கல்ல அத்தை?

மாட்டேன் என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னேன்.

மறுநாளே ஃபெமினாவையும் அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். பாத்ரூமில் விழவில்லை என்று அவள் முதல் தடவையாகச் சொன்னாள்.  பெல்ட், துணி, பீரோ எல்லாம் சொன்னாள். உன் குரலை அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அமலராணி என்று ஒரு எஸ்.ஐ., அதைக் கேட்டுவிட்டுத் தகப்பன் வரும் தேதியைச் சொல்லுங்க என்று கேட்டார். சொல்லிவிட்டேன். விமான நம்பரோடு சொல்லிவிட்டேன். உன்னைப் போலீசில் காட்டிக்கொடுத்தவள் உன் அக்கா, வேறு யார் மேலும் ஆத்திரப்படாதே.

இருபத்து மூன்றாம் தேதி ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் வருவேன். திருவெறும்பூர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, தருகிறேன். வீட்டை நானே கூட்டி வைத்திருக்கிறேன், அரிசி பருப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன். உனக்குப் பிடிக்குமே என்று அச்சுமுறுக்கு சுடப் போகிறேன், பண்டிகைக்கு உன்னைப் பட்டினி போட எனக்கு மனம் வராது. அமலராணி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல். பொய் சொல்லாதே. உள்ளே வைத்தால் நான் சோறு கொண்டு வருகிறேன். வெளியே விட்டால் புதன்கிழமை ஐந்தரைக்கு இல்லை, இந்திய நேரம் ஏழு மணிக்கு வைஷ்ணவி உனக்காகத் தனியாக உட்காருவாள், அதற்கு அவள் சம்மதித்திருக்கிறாள். நானும் பக்கத்தில் இருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் எப்படித் தூங்கினாய் என்று சொல்லிவிடு தம்பி. அங்கே ஆரம்பித்தால் ஒரு நாள், ரொம்பக் காலம் கழித்து, அவளே உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்காமலும் போகலாம்.

ஆனால் காட்டூருக்கு வராதே. குடித்துவிட்டும் வராதே, அழுதுகொண்டும் வராதே, பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக்கொண்டும் வராதே. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சொல்கிறேன், உன் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதே. கதவுக்குக் குறுக்கே பாய் போட்டு நான்தான் படுக்கிறேன். வந்து நின்றால் யார் என்று பார்க்க மாட்டேன்.

ஆண்டவர் உன்னை உன் மகளின் கையிலிருந்து காப்பாற்றட்டும். அவளை உன் கையிலிருந்து காப்பாற்றும் வேலையை அவருக்கும் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது ஆஷ்லி உள்ளே தூங்குகிறாள். இரண்டு கையும் வெளியே இருக்கிறது, விரல் விரிந்து கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அவளை எழுப்பிவிடாதே, ஜூட்.

தூங்காமல் இருக்கும் உன் அக்கா,
அக்னஸ்